வாய்க்கரிசி யாருக்கு?

கம்பிக் கதவில் அது மறுபடியும் தொங்கிக்கொண்டிருந்தது.

தேவஇரக்கம் ஸ்கூட்டரை அணைக்காமலே காலை ஊன்றி நின்றார். சந்தின் இரண்டு முனைகளையும் பார்த்தார். ஆள் நடமாட்டம் இல்லை. எதிரே டீக்கடையில் பாய்லர் மட்டும் புகைந்துகொண்டிருந்தது.

"ஆஷா, பாத்தியா?"

பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி, மேஜை விரிப்பையும் பூக்களையும் மடியில் அணைத்தபடி எட்டிப் பார்த்தாள்.

"அரிசிப் பைதான? அதுக்கு ஏன் குண்டு வச்ச எடத்துக்கு வந்த போலீஸ்காரன் மாதிரி முழிக்கீங்க?"

"மெதுவாப் பேசு!"

வெள்ளை பனியன் துணியில் தைத்த பை. வாயைச் சுருக்கிக் கட்டி, கதவின் கொண்டியில் மாட்டியிருந்தது. தேவஇரக்கம் அருகிலிருந்த பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியைத் தொட்டதுமே ரகம் என்ன, தையல் எந்த மிஷினில் போட்டது என்று விரலே சொல்லிவிட்டது. ஓவர்லாக் தையல். கை தேர்ந்த ஆள்.

ஆனால் திருப்பூரில் ஓவர்லாக் தையலை வைத்துக் குற்றவாளியைத் தேடுவதென்றால் ஊரில் பாதிப் பேரைக் கூண்டில் ஏற்ற வேண்டும்.

"புதுத்துணி. வெள்ளைத்துணி. உள்ள அரிசி. இதெல்லாம் சேந்து எங்கட்டி வரும்?" என்றார்.

"கல்யாண வீட்டுல."

"எழவு வீட்டுல! கோடித்துணியும் வாய்க்கரிசியும். நம்ம சபைக்கு எவனோ வாய்க்கரிசி போடுதான்."

"ஞாயித்துக்கிழமை காலையில நல்ல வார்த்தை பேசுங்க. யாரோ கோயிலுக்குக் கொடுத்திருக்காவ."

"கொடுக்குறவன் காணிக்கை எடுக்கும்போது கொடுப்பான். பேரு சொல்லிக் கொடுப்பான். மைக்குல அந்தப் பேர வாசிக்கலைன்னா அடுத்த வாரம் மூஞ்சிய தூக்கி வச்சிக்குவான். பேரு சொல்லாம கொடுக்குற கிறிஸ்தவன நீ எங்கயாவது பாத்திருக்கியா?"

ஆஷா நேர்மையாக யோசித்துப் பார்த்தாள். ஒரு பேரும் நினைவுக்கு வரவில்லை.

சில வாரங்களாக ஞாயிறு தவறாமல் இதே கூத்து. ஒருநாள் பையை மாட்டுகிறவனைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவதென்று சீக்கிரமாகவே வந்து பார்த்தார். பை அதைவிடச் சீக்கிரமாக வந்திருந்தது. அரிசியை வீசவும் மனம் வரவில்லை. பொங்கித் தின்னவும் தைரியம் வரவில்லை. எல்லாப் பைகளையும் மாடி ஹாலில் ஹார்மோனியத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்.

வேறொரு ஞாயிறாக இருந்தால் இதையும் அங்கேயே கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார். இன்று முடியாது. இன்று ஞானசிகாமணி சார் வருகிறார்.

சுற்றுவட்டாரத்துச் சபைகளையெல்லாம் நிர்வகிக்கிற சேகரக் கமிட்டியில் மூத்த உறுப்பினர் அவர். ரிட்டயர்டு தலைமையாசிரியர். போனில் அவர் சொன்னதை தேவஇரக்கம் வரிக்கு வரி மனப்பாடமாக வைத்திருந்தார்.

"சபையில உயிர் இருக்கான்னு நேர்ல பாத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க தம்பி. இருந்தா நடக்கட்டும். இல்லாட்டி அடுத்த மாசத்துல இருந்து ஸ்டேஷன் பக்கத்துப் பெரிய கோயிலோட சேத்துருவோம். வருத்தப்படாதீங்க. அங்க கார் நிறுத்த எடம் இருக்கு."

இந்தச் சபையில் கார் வைத்திருந்த ஒரே ஆள் ஆசீர். கீபோர்டு வாசிப்பான். அவன் போன வருஷமே குடும்பத்தோடு அந்தப் பெரிய கோயிலுக்குப் போய்விட்டான். போகும்போது படியில் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான்: "இனி இந்தச் சபைக்கு வாய்க்கரிசி போட வேண்டியதுதான் பாக்கி."

மிச்சமிருந்த குடும்பங்களில் பாதிப் பேரை ஷிப்மென்ட் இழுத்துக்கொண்டது. கப்பல் ஏற வேண்டிய சரக்கு இருந்தால் திருப்பூரில் ஞாயிறு என்று ஒரு கிழமை கிடையாது. ஒழுங்காக வருகிறவர்கள் ஜெபக்கனி அம்மாளைப் போல முழங்கால் தேய்ந்தவர்கள். இரண்டு பஸ் மாறி ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னால் வீட்டோடு இருந்துவிடுவார்கள்.

தேவஇரக்கத்தின் அப்பா தெற்கே நாசரேத் ஊரிலிருந்து தையல் மிஷினைத் தலையில் சுமந்து வந்து பஸ் இறங்கியவர். இந்த ஹாலில் முதல் ஜெபம் சொன்னவர் அவர்தான். மகன் கையில் இது மூடுவிழா காண்பதா? இன்னொரு விஷயமும் உண்டு. பெரிய கோயிலில் தேவஇரக்கம் கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இங்கே சபைச் செயலாளர். அவர் தட்டாவிட்டால் மைக் கூட வேலை செய்யாது.

"உள்ள எலுமிச்சம்பழம், ஆணி ஏதாவது இருக்கான்னு பாக்கேன்," என்று சட்டைப் பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்தார். முடிச்சை வெட்டப் போன கை பதற்றத்தில் வழுக்கியது. கத்தரி பையின் வயிற்றில் பாய்ந்தது.

வாழ்நாளில் கட்டிங் மாஸ்டர் தவறாக வெட்டிய முதல் துணி அதுதான்.

உள்ளே ஆணி இல்லை. அரிசி மட்டும்தான். குண்டு அரிசி, சன்ன அரிசி, சிவப்பு, வெள்ளை எல்லாம் கலந்து கிடந்தது.

"பாத்தியா? ஒருத்தன் வேலையில்ல இது. ஆளாளுக்கு ஒரு கை போட்டிருக்கானுவ. சுடுகாட்டுல போடுற மாதிரியே!"

"ஏனுங் மாஸ்டரு, காலைல நேரமே வந்துட்டீங்க போல?"

குரல் கேட்டதும் தேவஇரக்கம் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். கட்டட ஓனர் அப்புசாமி. பட்டு வேட்டி, கழுத்தில் சங்கிலி, கையில் கார் சாவி. கீழே அவருடைய துணி குடோன். மாடி ஹால்தான் சபை. பின்பக்கம் அவருடைய கம்பெனியும், வடக்கத்தித் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் குவார்ட்டர்ஸும்.

"ஆமாங்க. இன்னைக்கு விசேஷ ஆராதனை."

"ஹால் நெம்பிருமுங்களா?"

இதைத்தான் தேவஇரக்கம் பயந்தார். இரண்டு மாதமாக இந்த மனுஷன் பார்க்கும்போதெல்லாம் இதையே கேட்கிறார். எதற்குக் கேட்பார்? துணி ரோல் அடுக்க இடம் தேடுகிறார். ஹால் காலியாகக் கிடக்கிறது என்று தெரிந்தால் அடுத்த நாளே காலி செய்யச் சொல்லிவிடுவார். அதனால் ஒவ்வொரு தடவையும் சொல்லுகிற பதிலைக் கொஞ்சம் கூடுதலாகவே சொன்னார்.

"நெம்புறதா? நிக்கக்கூட எடம் இல்லீங்க! போன வாரம் பாதிப் பேரு படியில உக்காந்துதான் பாட்டுப் பாடுனாங்க. மூச்சு முட்டுது."

முதுகுக்குப் பின்னால் பையிலிருந்து அரிசி சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. ஆஷா சட்டென்று நகர்ந்து சேலைக் கொசுவத்தால் அதை மறைத்து நின்றாள். கணவன் பொய் சொல்லும்போது மனைவி காக்க வேண்டும் என்று எந்த வசனமும் இல்லை. இருந்தும் நின்றாள்.

"அவ்வளவு கூட்டமுங்களா!" அப்புசாமியின் முகத்தில் ஏனோ லேசான வருத்தம் தெரிந்தது. "இத்தன பேரு வர்றாங்க, நெம்ப சந்தோசமுங்க."

பக்கத்துப் படிக்கட்டைக் கூட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து தேவஇரக்கத்தைப் பார்த்துச் சிரித்தாள். ஜார்க்கண்ட்காரி. பெயர் புத்னி. அப்புசாமி அவளைப் புதினா என்றுதான் கூப்பிடுவார். ஞாயிறானால் சபைப் படியைக் கூட்டிவிட்டு இப்படி ஒரு சிரிப்பு. டீக்குக் காசு எதிர்பார்க்கிறாள் போல என்று தேவஇரக்கம் வழக்கமாக முகத்தைத் திருப்பிக்கொள்வார். இன்றும் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. ஞானசிகாமணி சார் உள்ளே இருக்கும்போது அந்தப் பாவி இன்னொரு பையைக் கொண்டுவந்து மாட்டினால்?

"ஒரு உதவிங்க. இன்னைக்குக் கூட்டம் தாங்காது. ஆராதனை ஆரம்பிச்சதும் வெளியாளு யாரும் படியேறாம இந்தக் கேட்டுக்கு ஒரு பூட்டுப் போட்டு வையுங்க. அப்புறம், டீக்கடை வாசல்ல வாராவாரம் இந்திக்காரப் புள்ளைங்க கும்பலா நிக்கிறாங்க பாருங்க. பெரிய ஆளு ஒருத்தர் வாராரு. அவங்களையும் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க."

அப்புசாமி தலையைச் சொறிந்தார்.

"அவிங்களையுமுங்களா?" என்று இழுத்தார். பிறகு, "செரிங்க. உங்க சாமி சமாச்சாரம், நீங்க சொன்னாச் செரிதானுங்க," என்றபடி நகர்ந்தார்.

அவர் தலை மறைந்ததும் தேவஇரக்கம் பையின் கிழிசலைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடினார். பின்னப்பட்ட துணியில் கத்தரி பட்டால் கிழிசல் நிற்காது, ஓடும். படி முழுக்க, ஹால் நெடுக, மொட்டைமாடிக் கதவு வரைக்கும் அரிசி கோலம் போட்டது.

"எல்லாப் பையையும் எடு! மொட்டைமாடியில புறாவுக்குப் போட்டுருவோம். தடயமே இருக்கக்கூடாது."

"தடயமா? நீங்க என்ன கொலையா பண்ணியிருக்கீங்க?"

"கொலை பண்ணப் போறது அவனுவ. நம்ம சபைய!"

மொட்டைமாடியில் அரிசியைக் கொட்டினார். சுற்றியிருந்த கம்பெனிகளின் தகரக் கூரைகளிலிருந்து ஒரு புறா வந்தது. பிறகு நாலைந்து. பிறகு வானம் கறுத்தது.

தேவஇரக்கம் கையைத் தட்டிக்கொண்டு திருப்தியாகக் கீழே வந்து மேஜை விரிப்பை நீவிவிட்டார். பின்னால் சடசடவென்று சத்தம் கேட்டது. திரும்பினார்.

புறாக்கள் மொட்டைமாடி அரிசியை முடித்துவிட்டு, அவர் சிந்திய கோலத்தைப் பின்பற்றி ஒழுங்காக வரிசையில் ஹாலுக்குள் நுழைந்துகொண்டிருந்தன. சபையார்கூட அவ்வளவு ஒழுங்காக நுழைந்ததில்லை. ஒன்று பிரசங்க மேடையில் ஏறியது. இரண்டு ஃபேன் இறக்கையில் உட்கார்ந்து ஆடின. இன்னொன்று வெள்ளை விரிப்பின்மேல் நின்று, செய்யக்கூடாததைச் செய்தது.

"விரட்டுங்க! ஐயோ, என் விரிப்பு!"

"ஃபேனப் போடாத! ஃபேனப் போடாதங்கேன்!"

காணிக்கைப் பையின் நீளக் கம்பை வீசிக்கொண்டு அவர் ஓடினார். புறாக்கள் சன்னலுக்குப் போகாமல் விட்டத்துக்குப் போயின. அந்நேரம் பார்த்து, கீழே படியில் ஏதோ உருளும் சத்தம். தொடர்ந்து, "ஏசுவே!"

ஹார்மோனியம் வாசிக்கும் தங்கையா. ஒழுங்காக ஏறி வந்த மனிதர் அரிசியில் கால் வைத்துவிட்டார். உட்கார்ந்தபடியே ஐந்தாறு படி இறங்கியிருந்தார். வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார்.

"படியில அரிசி எதுக்குப்பா? யாருக்கும் கல்யாணமா?"

"கை எப்படி இருக்கு அண்ணாச்சி? வாசிக்க முடியுமா?"

"இடது கை இருக்கு."

"இடது கையால எப்படி வாசிப்பீங்க?"

"காத்து மட்டும் அடிப்பேன்."

பாட்டும் போயிற்று. இத்தனைக்கும் காரணம் ஒரே ஆள். இன்று இதை முடிக்காமல் விடுவதில்லை. போனை எடுத்து ஆசீரின் எண்ணைத் தட்டினார். மறுமுனையில் எடுத்த சத்தம் கேட்டதுதான் தாமதம்.

"ஏலே ஆசீரு! உனக்கு வெக்கமா இல்ல? எங்க சபைக்கு வாய்க்கரிசி போட நீ யாருலே? கார் வச்சிருந்தா பெரிய ஆளா? நீயும் உங்க கோயிலும், அந்தக் கமிட்டிக் கிழவனும் சேந்து எங்களக் குழியில தள்ளப் பாக்கீங்களா?"

கார் ஓடும் இரைச்சல் வந்தது. பிறகு நிதானமான, வகுப்பறைக் குரல் ஒன்று பேசியது.

"தம்பி, ஸ்பீக்கர்ல இருக்கீங்க. கமிட்டிக் கிழவன்தான் பேசுறேன். பஸ் கிடைக்கல. ஆசீர் தம்பிதான் கூட்டிட்டு வாராரு. பத்து நிமிஷத்துல வந்துருவோம்."

போன் கையிலிருந்து நழுவியது. ஆஷா பிடித்தாள். பிடித்த கையாலேயே நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"கீழ போயி வாசல்ல நின்னு கூப்பிடுவோம். கால்ல கூட விழுந்துருவோம்," என்று படியிறங்கினார் தேவஇரக்கம்.

இறங்கியவர் கடைசிப் படியில் நின்றுவிட்டார்.

கேட் பூட்டியிருந்தது. வெளிப்பக்கம். தேங்காய் அளவுக்குப் பூட்டு.

சொன்ன சொல் தவறாத மனுஷன் அப்புசாமி. மாடியில் தடதடவென்று கேட்ட சத்தத்தை வைத்து, கூட்டமெல்லாம் உள்ளே வந்து ஆராதனையும் ஆரம்பித்துவிட்டது என்று முடிவு செய்திருந்தார். பூட்டிவிட்டு நாலு தெரு தள்ளி ஒரு காதுகுத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

போன் போட்டார் தேவஇரக்கம். நாதஸ்வரமும் மேளமும் காதைக் கிழித்தன.

"ஏனுங்க, பூட்டுங்களா? போட்டாச்சுங்க! நல்லா இழுத்துப் பாத்துட்டுத்தான் வந்தனுங்க! ஒரு ஈ, எறும்பு உள்ள போவாதுங்க!"

"தொறக்கணுங்க! நாங்க உள்ள மாட்டிக்கிட்டோம்!"

"என்னதுங்க? மேளச் சத்தத்துல கேக்கலீங்க!"

"சாவி! சாவி!"

"சாவி பத்திரமா எங்கிட்டத்தான் இருக்குதுங்க, பயப்படாதீங்க!"

அவருக்கு விஷயத்தை விளங்க வைப்பதற்குள் தேவஇரக்கத்தின் தொண்டை கட்டிவிட்டது.

அதற்குள் சபையார் ஒவ்வொருவராக வந்தார்கள். ஜெபக்கனி அம்மாள் ஆட்டோவிலிருந்து இறங்கி, பூட்டையும் கம்பிக்குப் பின்னால் நிற்கும் செயலாளரையும் பார்த்தார்.

"என்ன தேவஇரக்கம், உன்ன உள்ள வச்சிட்டாவளா?"

"இல்ல அம்மா, சின்னக் குழப்பம். நில்லுங்க, இப்பத் தொறந்துரும்."

பின்னால் ஓர் இளைஞன் வந்தான். பூட்டைப் படம் எடுத்தான். சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். அடுத்த கணத்திலிருந்து தேவஇரக்கத்தின் போன் நடுங்க ஆரம்பித்தது.

'நம்ம சபைய மூடிட்டாங்க.'

'மிகுந்த வருத்தம். கர்த்தர் ஆறுதல் தருவாராக.'

'எத்தனை நினைவுகள்.'

'அப்ப இன்னைக்கு டூட்டிக்குப் போயிரலாமா?'

கடைசிச் செய்திக்குத்தான் நிறைய பேர் கைகூப்பியிருந்தார்கள். சந்து முனை வரை வந்த இரண்டு குடும்பங்கள் அங்கேயே வண்டியைத் திருப்புவதை தேவஇரக்கம் கம்பி வழியே பார்த்தார். கத்தினார். வண்டிச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

ஆசீரின் கார் வந்து நின்றது.

ஞானசிகாமணி சார் இறங்கினார். வெள்ளைச் சட்டை, கறுப்பு பெல்ட், கையில் பைபிள். பூட்டைப் பார்த்தார். ஆட்டோவின் படியில் உட்கார்ந்திருந்த ஜெபக்கனி அம்மாளைப் பார்த்தார். கம்பிக்குப் பின்னால் இரண்டு கைகளாலும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற செயலாளரையும், அவர் தோளுக்கு மேலே தெரிந்த ஆஷாவையும், கைக்குட்டையால் மணிக்கட்டைக் கட்டியிருந்த தங்கையாவையும் பார்த்தார். தங்கையாவின் தலைமேல் ஒரு புறா உட்கார்ந்திருந்தது.

"உயிர் இருக்கான்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க," என்றார் சார். "புறா இருக்கு."

ஆசீர் சிரிப்பை அடக்கத் தொண்டையைச் செருமினான்.

"அண்ணே, சத்தியமாச் சொல்லுதேன், நான் ஒரு அரிசியும் போடல. கோவத்துல ஒரு வார்த்தை சொன்னேன். அதை இத்தன நாள் மனசுல வச்சிக்கிட்டா இருந்தீங்க?"

"அப்ப யாருலே போட்டா?" தேவஇரக்கம் கம்பியை உலுக்கினார். "சார், நான் உங்களக் கிழவன்னு சொன்னது தப்பு. மன்னிச்சிருங்க. ஆனா இந்தச் சபைய மூடிராதீங்க. எங்கப்பா ஆரம்பிச்சது சார். கூட்டம் குறைஞ்சிருக்கு, ஒத்துக்கிடுதேன். அதுக்காக எவனோ வாராவாரம் கேட்டுல வாய்க்கரிசி கட்டித் தொங்கவிடுறான் சார். அதப் பாத்துப் பாத்து எனக்குத் தூக்கமே போச்சு. நாங்க இன்னும் சாகல சார்."

ஜெபக்கனி அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கமிட்டிக்கு எழுதவேண்டியதை மனதுக்குள் எழுதி முடித்துவிட்டவர் போல ஒரு பெருமூச்சு விட்டார்.

அப்போது ஒரு கை கம்பிக்குள் நுழைந்தது.

புத்னி. கேட்டுக்கு வெளியே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். கதவிடுக்கு வழியாக விரல்களை விட்டு, கீழ்ப்படியில் சிந்திக் கிடந்த அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மணியாக எடுத்துத் துப்பட்டா முனையில் சேர்த்தாள். மிதிபட்ட அரிசியைப் பார்த்து அவள் முகம் அழுகைக்குத் தயாராகியிருந்தது.

"ஏம்மா, அத ஏன் எடுக்கே? அழுக்கு," என்றாள் ஆஷா உள்ளிருந்து.

"அக்கா, கீழ போடக்கூடாது. இது சர்ச் அரிசி."

"சர்ச் அரிசியா?"

புத்னி தமிழைத் தேடித் தேடிப் பேசினாள்.

"ஊர்ல, ஜார்க்கண்ட்ல, எங்க அம்மா சமைப்பாங்க இல்ல? சமைக்கறப்ப, ஒரு கை தனியா எடுத்து வெப்பாங்க. தெனமும். சண்டே சர்ச்சுக்குக் குடுப்பாங்க. இங்க குவார்ட்டர்ஸ்ல எல்லா ரூம்லயும் நாங்க அப்படித்தான் எடுக்கறோம். நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து நான்தான் மாட்டறேன். பை நான் தெச்சது." கொஞ்சம் தயங்கினாள். "தையல் நல்லா இல்லீங்களா அண்ணா? வெட்டியிருக்கு."

ஆஷா கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பிடி அரிசி!" என்றாள். "எங்கம்மா அடுப்படியில அதுக்குன்னு ஒரு பானை வச்சிருப்பா. இங்க வந்த பொறவு நாமதான் விட்டுட்டோம். ஏங்க, நான் காலையிலயே சொன்னேனே, யாரோ கோயிலுக்குக் கொடுத்திருக்காவன்னு! பிடி அரிசியப் போயி வாய்க்கரிசின்னுட்டீங்களே, பாவி மனுசா!"

தேவஇரக்கம் வாயைத் திறந்தார். அந்த அரிசியைப் புறாவுக்குப் போட்டது நினைவுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

ஞானசிகாமணி சார் குனிந்து புத்னியின் அருகே உட்கார்ந்தார்.

"எத்தன பேரும்மா இருக்கீங்க?"

அவள் எழுந்து சந்து முனையைக் காட்டினாள்.

அங்கே, டீக்கடையிலிருந்து துரத்தப்பட்டவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பையன்கள், பெண்கள், இடுப்பில் குழந்தைகள். பெண்கள் தலையில் முக்காடு. ஒருவன் கழுத்தில் நீள மத்தளம். தேவஇரக்கம் வாராவாரம் பார்த்த அதே கும்பல்தான். கம்பெனி வேனுக்குக் காத்திருக்கிறார்கள் என்றே அவர் நினைத்திருந்தார். இன்றுதான் ஒன்றைக் கவனித்தார். ஒருவர் காலிலும் செருப்பு இல்லை. எல்லாச் செருப்பும் சுவரோரம் வரிசையாகக் கிடந்தது.

"மைக் சத்தம் அங்க வரைக்கும் கேக்கும்," என்றாள் புத்னி. "நீங்க பாடறப்ப நாங்களும் எங்க பாஷைல பாடுவோம். மெதுவா. ஜெபம் முடிஞ்சதும் போயிருவோம்."

ஆசீர் மெல்ல விசிலடித்தான்.

"அண்ணே, எங்க பெரிய கோயில்லகூட ஷிப்மென்ட் வாரத்துல இவ்வளவு கூட்டம் வராது."

சார் நிமிர்ந்தார். முழங்காலில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிடப் போனவர், தட்டாமல் ஒவ்வொன்றாக எடுத்து புத்னியின் துப்பட்டாவில் போட்டார். பிறகு கம்பிக்குப் பின்னால் நின்றவர் பக்கம் திரும்பினார். தாமதமாக வந்த மாணவனைப் பார்க்கிற பார்வை.

"தேவஇரக்கம் தம்பி, ஒரு சபை நிறைய ஆளு வெயில்ல நிக்குது. உள்ள நாற்காலி காலியாக் கிடக்கு. ஏன் இவங்கள உள்ள விடல?"

"ஐயோ சார், நான் ஏன் வேண்டாங்கப் போறேன்?" தேவஇரக்கம் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு கதறினார். "பைபிள் மேல கை வச்சிச் சொல்லுதேன், இத்தன நாள்ல ஒருத்தராவது உள்ள வரலாமான்னு கேட்டாங்களா? கேட்டிருந்தா கையப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டேனா?"

காதுகுத்து விருந்தைப் பாதியில் விட்டுவிட்டு, கையில் சாவியோடு, வாயில் வெற்றிலையோடு வந்து சேர்ந்திருந்த அப்புசாமி பூட்டுக்குக் குனிந்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

"இதென்னங்க மாஸ்டரு இப்படிச் சொல்றீங்க? ரெண்டு மாசமா எங்கிட்ட வந்து கேட்டுட்டேதானுங்க இருக்கறாங்க, நீங்கதானுங்களே உள்ள நிக்கக்கூட எடமில்லைன்னு சொன்னீங்க, அதனாலதானுங்க அரிசிய மட்டும் கேட்டுல மாட்டிட்டு வெளிய நின்னே கும்பிட்டுக்கங்க கண்ணுன்னு நான் சொல்லி வெச்சேன்!"